பேராசிரியர் அப்துல் கலாம்: குடும்பம், மார்க்கம், பொதுப்பணி

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 27 வந்தால் நம் கைபேசிகளில் மர்ஹூம் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் படங்கள் நிறைந்துவிடும். பின்னணியில் ஏவுகணை, கீழே கனவு காணச் சொல்லும் ஒரு வாசகம். அவற்றில் பல அவர் சொன்னவையே இல்லை. அதே நாளில் நம் சமுதாயத்துக்குள் இன்னொரு பேச்சும் கிளம்பும். "அவர் நம்மவர்தானா? மார்க்கத்தோடு வாழ்ந்தாரா?" என்று சிலர் கேட்பார்கள். "நம் சமுதாயத்தின் பெருமை" என்று சிலர் பதில் சொல்வார்கள். இரண்டு நாளில் பேச்சு ஓய்ந்துவிடும். அடுத்த ஜூலையில் மீண்டும் தொடங்கும்.

விஞ்ஞானி, குடியரசுத் தலைவர் என்ற இரண்டு பட்டங்களையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, தன்னை ஆசிரியராகவே மக்கள் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்பிய மனிதரைப் பார்ப்போம். குடும்பம், மார்க்கம், பொதுப்பணி என்ற மூன்றும் அவர் வாழ்வில் எப்படி ஒன்றோடொன்று பிணைந்திருந்தன என்று பார்த்தால், மேலே சொன்ன கேள்விக்கும் ஓரளவு தெளிவு கிடைக்கும். அதற்கு ராமேசுவரத்திலிருந்தும் டெல்லியிலிருந்தும் தொடங்குவதைவிடத் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொடங்குவது நல்லது.

திருச்சிக்கு வந்த மாணவர்

ஆவுல் பக்கீர் ஜெயினுலாப்தீன் அப்துல் கலாம் 1931 அக்டோபர் 15 அன்று ராமேசுவரத்தில், ஒரு மரைக்காயர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜெயினுலாப்தீன், தாய் ஆஷியம்மா. வீடு பள்ளிவாசல் தெருவில். ராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்துவிட்டு, 1950ஆம் ஆண்டு இன்டர்மீடியட் படிக்கத் திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு அங்கேயே இயற்பியலில் பி.எஸ்சி. படித்து 1954இல் பட்டம் பெற்றார். நான்கு ஆண்டுகளும் கல்லூரி விடுதியில்தான் தங்கினார்.

திருச்சிக்காரர்களுக்கு அந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. மெயின்கார்டு கேட் அருகே, லூர்து மாதா கோயிலை ஒட்டி, தெப்பக்குளத்துக்கும் மலைக்கோட்டைக்கும் பக்கத்தில் நிற்கும் கல்லூரி அது. இயேசு சபையினர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு மாற்றினார்கள். அதே நகரில் ஒரு பக்கம் நத்ஹர் வலி தர்கா. வடக்கே காவிரியைக் கடந்தால் ஸ்ரீரங்கம். மூன்று சமயத்தாரும் நூற்றாண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்துவரும் ஊர் திருச்சி.

கலாம் வந்து சேர்ந்த 1950இல் திருச்சியில் முஸ்லிம்கள் நடத்தும் கல்லூரி கிடையாது. ஹாஜி எம். ஜமால் முகம்மது சாகிபும் என்.எம். காஜாமியான் ராவுத்தரும் முன்னின்று உருவாக்கிய ஜமால் முகம்மது கல்லூரி அடுத்த ஆண்டு, 1951இல்தான் தொடங்கியது. தீவிலிருந்து வந்த ஒரு மரைக்காயர் வீட்டுப் பையனுக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்தது கிறிஸ்தவப் பாதிரியார்கள் நடத்திய கல்லூரி. கலாம் அந்த நன்றியை வாழ்நாள் முழுவதும் மறைக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தவரும் ராமேசுவரத்தவரும் ஓர் அறையில்

அந்த விடுதி அறையில் அவரோடு இருவர் தங்கியிருந்தார்கள். ஒருவர் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார் குடும்பத்து மாணவர். மற்றவர் கேரளத்திலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர். மூவரும் மகிழ்ச்சியாகவே நாட்களைக் கழித்ததாகத் தம் சுயசரிதையான 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாம் எழுதியிருக்கிறார்.

இன்று இதைப் படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றலாம். 1950ஐ எண்ணிப் பாருங்கள். பிரிவினை நடந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. உணவிலும் நீரிலும் தீட்டுப் பார்க்கும் வழக்கம் வீடுகளில் உயிரோடு இருந்த காலம். ராமேசுவரம் பள்ளியிலேயே, புதிதாக வந்த ஓர் ஆசிரியர், கோயில் அர்ச்சகர் மகனுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட முஸ்லிம் பையன் உட்காரக் கூடாது என்று கலாமைப் பின் வரிசைக்கு அனுப்பியதுண்டு. அந்த அர்ச்சகர், கலாமின் தந்தைக்கு நெருங்கிய நண்பரான பட்சி லட்சுமண சாஸ்திரி, ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார் என்பதும் அந்த வரலாற்றின் பகுதி. அப்படி ஒரு காலத்தில்தான் திருச்சியில் இந்த மூவரும் ஓர் அறையில் படித்தார்கள், உறங்கினார்கள்.

விடுதிக் காப்பாளராகவும் ஆங்கில ஆசிரியராகவும் இருந்தவர் அருட்தந்தை செக்வேரா. தினமும் இரவில் கையில் பைபிளோடு ஒவ்வொரு மாணவரையும் போய்ப் பார்ப்பார். தீபாவளி வந்தால், எண்ணெய்க் குளியலுக்காக அறை அறையாக நல்லெண்ணெய் கொடுக்க ஏற்பாடு செய்வார். பைபிளைக் கையில் வைத்திருந்த ஒருவர், தம் பொறுப்பில் உள்ள பிள்ளைகளின் பண்டிகையைத் தம் கடமையாக எண்ணினார். தம் மார்க்கத்தில் உறுதியாக இருப்பவர் பிறரிடம் பரிவாகவும் நடக்க முடியும் என்பதை இளம் வயதிலேயே கலாம் நேரில் பார்த்தார்.

மூன்றாம் ஆண்டில் சைவ உணவு விடுதியின் செயலாளர் பொறுப்பு கலாமுக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரி அதிபர் அருட்தந்தை கலத்திலை விருந்துக்கு அழைத்து, மாணவர்கள் தங்கள் தங்கள் வீட்டுச் சமையல் வகைகளைச் செய்து பரிமாறினார்கள். அதிபர் மனமாரப் பாராட்டினார். கலாம் சைவ உணவுக்கு மாறியதும் இந்தக் கல்லூரிக் காலத்தில்தான். கையில் பணம் குறைவாக இருந்ததே அதற்குக் காரணம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. இதை வைத்து அவருடைய ஈமானை எடைபோட்டவர்கள் உண்டு. இறைச்சி நமக்கு ஹலாலாக்கப்பட்ட உணவு, அவ்வளவுதான். அதை உண்டாக வேண்டும் என்று எவர் மீதும் கடமையாக்கப்படவில்லை.

ஸ்ரீரங்கத்தோடு இன்னொரு தொடர்பும் உண்டு. பாட்டி வீட்டில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, அதே கல்லூரியில், அதே காலகட்டத்தில் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் பின்னாளில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் முக்கியப் பங்கு வகித்தார். எஸ். ரங்கராஜன் என்ற அவரை எழுத்தாளர் சுஜாதா என்றால்தான் பலருக்கும் தெரியும்.

பெயர் சொல்லி நினைத்த ஆசிரியர்கள்

கலாமின் உரைகளைக் கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். எந்த நாட்டில், எந்த மேடையில் பேசினாலும் தம் ஆசிரியர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார். திருச்சி ஆசிரியர்கள் அந்தப் பட்டியலில் தவறாமல் இருப்பார்கள். இயற்பியல் கற்பித்த சின்னதுரையும் கிருஷ்ணமூர்த்தியும் அணுவுக்குள் இருக்கும் உலகை அறிமுகப்படுத்தியதாகச் சொல்வார். காலை நேரத்தில் கல்லூரி வளாகத்தில் நடந்து வரும் கணிதப் பேராசிரியர் தோதாத்ரி ஐயங்காரைப் பார்த்தாலே மனத்தில் மரியாதை எழும் என்பார். 'கால்குலஸ்' சீனிவாசன் என்று மாணவர்கள் அழைத்த ஆசிரியர், நன்றாகப் படிக்கும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துக் கணித மன்றம் அமைத்ததையும், அந்த மன்றத்தில் தோதாத்ரி ஐயங்கார் பண்டைய இந்தியக் கணித வானியல் அறிஞர்கள் பற்றி ஆற்றிய ஒரு மணி நேர உரையையும் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நினைவுகூர்ந்தார்.

முன்னாள் குடியரசுத் தலைவரான பிறகு, திண்டுக்கல்லில் ஓய்வில் இருந்த அருட்தந்தை சின்னதுரையைத் தேடிச் சென்று பார்த்தார். முதுமையை எட்டிய மாணவர், தம் முதிய ஆசிரியர் முன் போய் நின்றார்.

நமக்குக் கற்பித்தவருக்கு நன்றி செலுத்துவது நம் மார்க்கத்தில் சிறிய விஷயம் இல்லை. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவரே என்ற கருத்தில் நபிமொழி உண்டு. கலாம் இதைப் பேச்சில் மேற்கோளாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஆசிரியர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குடும்பம்: அண்ணன் கடையும் அக்காவின் வளையலும்

விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து ராமேசுவரம் வந்தால், கல்லூரி மாணவர் என்ற தகுதி வீட்டு வாசலோடு முடிந்துவிடும். அண்ணன் முஸ்தபா கமால் ரயில் நிலையச் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். தம்பியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு மணிக்கணக்கில் காணாமல் போய்விடுவார். கலாம் எண்ணெயும் வெங்காயமும் அரிசியும் விற்பார். எல்லாவற்றையும்விட வேகமாக விற்றவை பீடியும் சிகரெட்டும். உழைத்துச் சம்பாதித்த காசை ஏழைகள் ஏன் இப்படிப் புகையாக்குகிறார்கள் என்று அந்த வயதிலேயே யோசித்ததாக எழுதியிருக்கிறார். முஸ்தபா கமால் விட்டால், காசிம் முகம்மது தம் சிறு கடையில் சங்குப் பொருட்கள் விற்க இழுத்துக்கொள்வார்.

பட்டம் பெற்ற பிறகுதான் தம் விருப்பம் பொறியியலில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். தந்தையிடம் அவ்வளவு பணம் இல்லை. சகோதரி ஜொஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். சொந்தமாகச் சம்பாதித்து அந்த நகைகளை மீட்பேன் என்று கலாம் உறுதி எடுத்துக்கொண்டார்.

இதை ஒரு தியாகக் கதையாக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவு வாகனமான எஸ்.எல்.வி.-3, 1980 ஜூலை 18 அன்று ரோகிணியை விண்ணில் நிறுத்தியபோது திட்ட இயக்குநராக இருந்தவரின் பொறியியல் படிப்புக்கு முதல் நிதி கொடுத்தது ஒரு முஸ்லிம் பெண்ணின் நகை. அரசு உதவித்தொகை பின்னால்தான் வந்தது. "முஸ்லிம்கள் பெண்களையும் கல்வியையும் மதிப்பதில்லை" என்று பொத்தாம் பொதுவாகப் பேசுபவர்கள் ஜொஹ்ராவின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாப்பா அடித்த அந்த ஓர் அடி

சிறுவன் கலாமின் நாள் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும். தாய் எழுப்பிக் குளிக்க வைத்துக் கணிதப் பாடத்துக்கு அனுப்புவார். திரும்பி வந்ததும் தந்தை தொழுகைக்கும் குர்ஆன் ஓதவும் அழைத்துச் செல்வார். பிறகு உறவினர் சம்சுதீனுக்காக நாளிதழ் போடும் வேலை. தந்தையும் விடியும் முன்பே எழுந்து தொழுதுவிட்டு, நான்கு மைல் தொலைவில் இருந்த தென்னந்தோப்புக்கு நடந்து போய்த் தேங்காய்களைத் தோளில் சுமந்து வருவார். பள்ளிவாசலுக்கு வெளியே நோயாளிகளுக்காகத் தண்ணீர்ப் பாத்திரத்தோடு மக்கள் காத்திருப்பார்கள். குணமானதும் நன்றி சொல்ல வருபவர்களிடம், அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவார்.

அந்தத் தந்தை 1947இல் ராமேசுவரம் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு நாள் அவர் தொழுகைக்குப் போயிருந்தபோது யாரோ ஒருவர் ஒரு தட்டைக் கொண்டு வந்தார். படித்துக்கொண்டிருந்த கலாம், கட்டிலில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார். தந்தை திரும்பி வந்து பார்த்தால், தட்டில் விலை உயர்ந்த வேட்டியும் அங்கவஸ்திரமும் பழங்களும் இனிப்புகளும் இருந்தன. கோபத்தில் மகனை அடித்துவிட்டார். அதுவரை அவர் மகன் மேல் கை வைத்ததில்லை. பிறகு அருகில் அழைத்து, பொறுப்பில் இருப்பவருக்கு உரிய வாழ்வாதாரத்தை அல்லாஹ் தருகிறான், அதற்கு மேல் எடுப்பது மோசடி என்ற கருத்துள்ள நபிமொழியைச் சொல்லி விளக்கினார்.

இந்த நிகழ்ச்சியைக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். எத்தனை பேர் அதை வெறும் கதையாகக் கேட்டார்களோ தெரியாது. அவர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார் என்பதற்குக் கணக்கே இருக்கிறது.

2006 மே மாதம் ராமேசுவரத்திலிருந்து அண்ணன், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று சுமார் ஐம்பது உறவினர்கள் டெல்லிக்கு வந்து, குடியரசுத் தலைவர் மாளிகையில் எட்டு நாட்கள் தங்கினார்கள். அவர்கள் தங்கிய அறைகளின் வாடகை, சாப்பாடு, குடித்த தேநீர் வரை கணக்குப் பார்த்து, 3 லட்சத்து 52 ஆயிரம் ரூபாயைக் கலாம் தம் சொந்தக் கணக்கிலிருந்து கட்டினார். அவருடைய செயலாளராக இருந்த பி.எம். நாயர் பின்னாளில் இதை வெளியில் சொன்னார். உறவினரை விருந்தினராக அழைக்கும் உரிமை குடியரசுத் தலைவருக்கு உண்டு. யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பள்ளிவாசல் தெருவில் பெற்ற பாடம் அவரை விடவில்லை.

இங்கே குடும்பப் பாசமும் மார்க்கமும் பொதுப்பணியும் ஒரே ரசீதில் சேர்ந்து நிற்கின்றன. சொந்தங்களை அழைத்து உபசரித்தது உறவைச் சேர்த்து வாழ்வது. அதற்கு அரசுப் பணத்தைத் தொடாதது அமானிதம்.

அதே நாயர் சொன்ன இன்னொரு நிகழ்ச்சி 2002 ரமலானில் நடந்தது. குடியரசுத் தலைவர் மாளிகையில் வழக்கமாக நடக்கும் இஃப்தார் விருந்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கலாம் கேட்டார். சுமார் 22 லட்சம் என்றார்கள். வருபவர்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிடும் வசதி உள்ளவர்கள்தானே என்று கேட்டு, அந்தப் பணத்தை அனாதை இல்லங்களுக்கு உணவுப் பொருட்களாகவும் போர்வைகளாகவும் கம்பளி உடைகளாகவும் அனுப்பச் சொன்னார். பிறகு நாயரைத் தனியே அழைத்து, தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். இது அரசுப் பணம், என் பங்கு இதில் சேர வேண்டும் என்பதுதான் காரணம். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தர்மத்தின் சிறப்பை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

வகுப்பறையும் பொதுப்பணியும்

2001 நவம்பரில் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகிய கலாம், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பமும் சமூக மாற்றமும் என்ற துறையில் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது எழுபது. பாரத ரத்னா விருது 1997இலேயே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் விரும்பிப் போன இடம் வகுப்பறை. அறுபது மாணவர்களுக்கான வகுப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்து அமர்ந்ததாக அவர் எழுதியிருக்கிறார். 2002 ஜூன் 10 அன்று பிரதமர் வாஜ்பாயின் தொலைபேசி அழைப்பு வந்தபோதும் அவர் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். 2002 ஜூலை 25இல் பதவியேற்று, ஐந்தாண்டுகள் முடிந்ததும் 2007இல் மீண்டும் கற்பிக்கும் பணிக்கே திரும்பினார்.

அறிவை எளியவர்களிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்பே அவரிடம் இருந்தது. ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த கார்பன் கலவைப் பொருளைக் கொண்டு, ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தின் மருத்துவர்களோடு சேர்ந்து, போலியோவால் கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குச் செயற்கைக் கால்தாங்கி செய்தார்கள். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகத் தாங்கியை இழுத்துக்கொண்டு நடந்த குழந்தைகளுக்கு, ஏறத்தாழ 300 கிராமில் ஒன்று கிடைத்தது. அந்தக் குழந்தைகள் ஓடியதைப் பார்த்துப் பெற்றோர் கண்ணீர் விட்டதே தம் வாழ்வின் பெரும் மகிழ்ச்சிகளில் ஒன்று என்று கலாம் சொன்னார். இதய மருத்துவர் சோம ராஜுவோடு இணைந்து, குறைந்த விலையில் இதய ரத்தக் குழாய்க்கான ஸ்டென்ட் உருவானதும் இந்த வழியில்தான்.

அவர் நம்மவர்தானா?

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். பாரதிய ஜனதா தலைமையிலான கூட்டணி அவரை வேட்பாளராக நிறுத்தியது, குஜராத் கலவரம் நடந்து சில மாதங்களே ஆன நேரத்தில். அந்தக் காயத்தை மறைக்க ஒரு முஸ்லிம் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்ற ஐயம் அன்று நம்மில் பலருக்கு இருந்தது. அந்த ஐயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பதவியேற்ற பிறகு கலாம் செய்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2002 ஆகஸ்டில் அவர் முதலில் சென்ற மாநிலங்களில் ஒன்று குஜராத். இந்த நேரத்தில் போவது அவசியமா என்று பிரதமர் கேட்டபோது, அதைத் தம் கடமையாகக் கருதுவதாகப் பதில் சொல்லிவிட்டுப் போனார். அகமதாபாத்தில் நிவாரண முகாமில் இருந்தவர்களைச் சந்தித்தார். அதைவிட அதிகம் பேசியிருக்கலாம், செய்திருக்கலாம் என்று கருதுவோருக்கு அப்படிக் கருதும் உரிமை உண்டு.

வீணை வாசித்ததும், கீதையைப் படித்ததும், பிற சமயத் துறவிகளிடம் காட்டிய பணிவும் நம் மார்க்க அறிஞர்கள் பலருக்கு ஏற்புடையவை அல்ல. 2017 ஜூலை 27 அன்று பேய்க்கரும்பில் நினைவிடம் திறக்கப்பட்டபோது, வீணையோடும் கீதையின் பெயரோடும் அவருடைய உருவச் சிலை வைக்கப்பட்டுச் சர்ச்சையானது. அந்தச் சிலையை அவர் கேட்கவில்லை. இறந்தவர் மேல் பிறர் போர்த்தும் அடையாளத்துக்கு இறந்தவரைப் பொறுப்பாக்க முடியாது.

இன்னொரு தீங்கும் அவர் பெயரால் நடக்கிறது. "கலாம் போல இருந்தால் நல்ல முஸ்லிம்" என்று சொல்லி, மற்ற முஸ்லிம்களைக் குறை சொல்ல அவரைக் கோலாகப் பயன்படுத்துகிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் அவருடைய வாழ்வைப் படிக்கவில்லை. அவர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பள்ளிவாசல் தெருவில், குர்ஆன் ஓதும் வீட்டில், தொழுகைக்கு எழுப்பிய பெற்றோரிடம், நகையை அடகு வைத்த சகோதரியிடம் வளர்ந்தவர். அவருடைய நேர்மையைப் புகழ்பவர், அதற்கு வேரான நபிமொழியையும் அதைச் சொல்லிக் கொடுத்த ஏழை மரைக்காயரையும் சேர்த்தே புகழ வேண்டும்.

உள்ளங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. நமக்குத் தெரிவது வெளியில் நடந்தவை மட்டும். பணத்தில், பதவியில், உறவில் ஒருவர் எப்படி நடந்தார் என்பது நாம் பார்த்துப் படிப்பினை பெறக்கூடியது. அந்த மூன்றிலும் கலாமிடம் நமக்குப் பாடம் இருக்கிறது. கருத்து வேறுபாடு உள்ள இடங்களை வேறுபாடாகவே வைத்துக்கொண்டு, இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

2015 ஜூலை 27 அன்று, ஷில்லாங்கில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்துக்கு உரையாற்றப் போனார். கவுகாத்தியிலிருந்து சென்ற இரண்டரை மணி நேரச் சாலைப் பயணத்தில், முன்னால் போன வண்டியில் ஒரு பாதுகாப்பு வீரர் துப்பாக்கியோடு நின்றுகொண்டே வந்தார். அவரை உட்காரச் சொல்லுங்கள் என்று பலமுறை கேட்டும் விதி இடம் தரவில்லை. இறங்கியதும் அந்த வீரரைத் தேடி அழைத்து, கை குலுக்கி நன்றி சொன்னார். சற்று நேரத்தில், மாணவர்கள் முன் பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் மேடையிலேயே சரிந்தார். ஜூலை 30 அன்று ராமேசுவரம் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை நடந்து, பேய்க்கரும்பில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

மனிதர் இறந்ததும் அவருடைய அமல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆ செய்யும் நல்ல பிள்ளை என்ற மூன்றைத் தவிர என்பது நாம் அறிந்த நபிமொழியின் கருத்து. கலாம் மணம் செய்துகொள்ளவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் விட்டுச் சென்றவர்கள் மாணவர்கள்தான்.

அவரை நினைவுகூர விரும்பும் ஜமாஅத்துகளும் இளைஞர் அமைப்புகளும் படம் பகிர்வதோடு நிறுத்திவிட வேண்டியதில்லை. இன்றும் கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் திருச்சிக்குப் படிக்க வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரியில் இடம் கிடைத்தும் விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் திரும்புபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவை ஒரு மஹல்லா ஏற்றுக்கொண்டால், இன்னொரு ஜொஹ்ரா நகையை அடகு வைக்க வேண்டியிருக்காது. நமக்குக் கற்பித்த ஆசிரியர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், உயிரோடு இருக்கும்போதே தேடிச் சென்று ஸலாமோ வணக்கமோ சொல்லி நன்றி கூறலாம். பள்ளிவாசல், மதரஸா, சங்கம் என்று எந்தப் பொறுப்பில் இருந்தாலும், பொதுப் பணத்தில் நம் வீட்டார் குடித்த தேநீருக்குக் கணக்கு எழுதலாம்.

மர்ஹூம் அப்துல் கலாம் அவர்களின் பிழைகளை மன்னித்து, நற்செயல்களை ஏற்று, அவருடைய கப்ரை ஒளியாக்கி வைக்க அல்லாஹ்விடம் துஆ செய்வோம். அவருக்குக் கற்பித்த ஆசிரியர்கள் தந்த கல்வியின் பயன் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும். ஆமீன்.